பந்து இல்லாத மூலை

எங்கள் விளையாட்டுக் கழகம் அடித்த மிகச் சிறந்த கோலை நான் அவருக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினேன். மூன்று தடவையும் அவர் அதைப் பார்க்கவில்லை.

நடு மைதானத்திலிருந்து உதைக்கப்பட்ட பந்து கடற்காற்றில் வளைந்து, எதிரணிக் காப்பாளரின் விரல் நுனியைத் தாண்டி வலைக்குள் விழும். ஊரே அந்தக் காணொளியைக் கைப்பேசியில் வைத்திருந்தது. நான் என் கைப்பேசியை அவருடைய போட்டோ கொப்பி இயந்திரத்தின் மீது சாய்த்து வைத்துவிட்டு, அவர் முகம் மலரும் கணத்துக்காகக் காத்திருந்தேன். முகம் மலரவில்லை, நெற்றிதான் சுருங்கியது.

“எப்படி, ராத்தா?”

“இங்கால பின்னுக்கு நிக்கிறவர்ட இடது கால் பிழை, தம்பி. பாரம் குடுக்காம நிக்கிறார். டொக்டருக்குக் காட்டினீங்களா?”

“கோலைப் பாருங்க, ராத்தா.”

“கோல் தானே, அது விழுந்து முடிஞ்சிது. இவர்ட கால் இன்னும் இரிக்கே.”

மறுநாள் அந்த வீரரின் சப்பாத்தைக் கழற்றச் சொன்னோம். கணுக்கால் வீங்கியிருந்தது. அணியில் இடம் பறிபோய்விடும் என்று அஞ்சி அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கழகத்தின் செயலாளரான நான் உட்பட, மைதானத்தில் நின்ற ஒருவருடைய கண்ணிலும் அந்தக் கால் படவில்லை.

அவருடைய பெயரை எழுதுவதை அவர் விரும்பமாட்டார். எங்கள் ஊரான தில்லையடியில் அந்தப் பெயர் பலருக்குத் தெரியவும் தெரியாது. ஊருக்கே அவர் மூத்த சகோதரி, கொமினிகேஷன் ராத்தா. பிரதி எடுப்பது, கைப்பேசிக்கு ரீலோட் போடுவது, அரசாங்கப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது, இவைதான் அவருடைய ‘கொமினிகேஷன்’ கடையின் தொழில். கடைக்கு முன்னால் தகரத் தாழ்வாரம். சுவரில் ஒரு தொலைக்காட்சி, முகம் தாழ்வாரத்தை நோக்கி. ஆண்கள் வெளியே நின்று ஆட்டம் பார்ப்பார்கள். அவர் மேசைக்குப் பின்னால் இருந்து, வேலைக்கு நடுவே, தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்ப்பார். எல்லோரும் எழுந்து கூச்சலிடும் நேரத்தில் அவருடைய பார்வை திரையின் வேறொரு ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

ஒருமுறை, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த ஒரு குடும்பத்தின் தகப்பன் விபரப் படிவம் நிரப்ப வந்திருந்தார். பிள்ளைகளின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, ராத்தா எழுதிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி நின்ற மனைவி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதான்,” என்றார் தகப்பன்.

ராத்தா பேனையைக் கீழே வைத்து, அவரை அண்ணன் முறை வைத்து அழைத்தார். “நானா, நீங்க சொன்னது நாலு பேர். இவங்க மடக்கினது அஞ்சு விரல்.”

மடக்கிய ஐந்தாவது விரல் ஒரு மகள். வாய் பேச முடியாதவள். அவளுக்குப் பதிவு எதற்கு என்று தகப்பன் நினைத்திருந்தார். அவரிடம் கொடுமை இருந்ததாக நான் சொல்லமாட்டேன், களைப்பு இருந்தது. ராத்தா அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. புதிய படிவம் ஒன்றை எடுத்து, அந்தப் பிள்ளையின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு, மற்ற நால்வரையும் அதற்குக் கீழே எழுதினார்.

இந்தப் பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்கு, அவர் சொன்ன விடை ஒரு வேலியைப் பற்றியது. அதே வெளியேற்றத்தில் மன்னாரிலிருந்து வந்தபோது அவர் சிறு பிள்ளை. குடும்பத்துக்குக் கிடைத்த குடிசை எங்கள் மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. மைதானத்துக்குத் தென்னோலையில் பின்னிய கிடுகு வேலி; அந்த வேலியே அவர்களுடைய சமையலறைக்கும் பின்சுவர். பெண் பிள்ளைகள் மைதானத்துக்குப் போவது அப்போது வழக்கமில்லை. வேலியில் ஒரு கிடுகு இற்று, ஒரு கண் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

“அதுக்குள்ளால ஒரு மூலைதான் தெரியும். ஒரு டீம்ட இடது பக்கம், ஆகப் பின்னுக்கு நிக்கிறவர் மட்டும். பாதி முடிஞ்சு பக்கம் மாறினா மத்த டீம்ட ஆள் வருவார். கோல் அடிச்சா சத்தம் கேக்கும். ஆரு அடிச்ச எண்டு அடுத்த நாள் பள்ளிக்கூடத்துலதான் தெரியும்.”

“அலுக்கல்லையா?”

“ஏன் அலுக்குது? பந்து வராத நேரம்தான் மனிசன் என்ன செய்யிறான் எண்டு தெரியும். ஒருத்தர் நகம் கடிப்பார். ஒருத்தர் சும்மா நிக்கமாட்டார், ரெண்டடி முன்னுக்கு, ரெண்டடி பின்னுக்கு, பந்து அங்கால இரிக்கக்கொள்ளயே இங்கால வேலை செய்வார். அவர் நிண்டா அந்தப் பக்கத்தால பந்தே வராது. ஆனா அவர்ட பேர ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.”

இனி, என் தவறுக்கு வருகிறேன்.

இம்தியாஸ் எங்கள் கழகத்தில் பின்வரிசையில் ஆடியவன். படிப்புக்காக மெல்பேர்ன் போனவன், அங்கே ஒரு களஞ்சியத்தில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு, புறநகர்க் கழகம் ஒன்றில் அந்த நாட்டுக்கே உரிய உதைபந்தாட்டத்தில் சேர்ந்தான். முட்டை வடிவப் பந்து. காலால் உதைக்கலாம், கையாலும் குத்திக் கொடுக்கலாம். காப்பாளர் இல்லை, வலையும் இல்லை. நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. சற்று விலகி ஓரக் கம்பத்துக்கு உள்ளே போனாலும் ஒரு புள்ளி உண்டு.

“தவறவிட்டவனுக்கும் புள்ளி குடுக்கிற நாடு,” என்பார் மீன் லொறி ஓட்டும் பாரூக் நானா. “அதான் எல்லாரும் அங்கயே போகப் பாக்கிறாங்க.”

முதல் வருடம் இம்தியாஸ் முன்வரிசையில் ஆடினான். ஆறு புள்ளி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அரை நிமிடத் துண்டுக் காணொளி ஒன்று வரும். அவன் துள்ளிப் பந்தைப் பிடிப்பான், உதைப்பான், வெள்ளைக்காரர்கள் அவன் மீது விழுந்து கட்டிப்பிடிப்பார்கள். அந்தத் துண்டுகளைப் பார்த்து எங்கள் ஊர் எவ்வளவு நிமிர்ந்தது என்பதை எழுத எனக்குக் கூச்சமில்லை. ‘வந்தவர்கள்’ என்று பல காலம் அழைக்கப்பட்ட ஒரு வீதியின் பிள்ளை கடல் கடந்து பெயர் எடுக்கிறான். அந்தப் பெருமிதத்தில் எங்கள் எல்லோருக்கும் பங்கு இருந்தது.

இரண்டாம் வருடம் அவனுடைய கழகம் ஓர் ஆட்டத்தை முழுமையாக நேரலையில் காட்டியது. அவர்களுக்குப் பிற்பகல், எங்களுக்குச் சனிக்கிழமை காலை. கழகக் கட்டடத்தின் கூரையில் ஒரே ஒரு கெமரா. மைதானம் முழுவதும் எறும்புகள் போல ஆட்கள். தாழ்வாரத்தில் முப்பது பேராவது இருந்திருப்போம். நான் கொப்பியும் பேனையுமாக, இம்தியாஸ் பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

கொப்பியில் கோடுகள் ஏறவேயில்லை. அவன் ஓடினான், நின்றான், யாருக்கோ பின்னால் அலைந்தான். பந்து ஒரு பக்கம், அவன் வேறு பக்கம். பிறகு, ஆட்டத்தின் நடுவே, அவன் வெளியே ஓடி வந்து இருக்கையில் அமர்ந்தான்.

“எடுத்துட்டாங்க,” என்றார் பாரூக் நானா. “முடிஞ்சிது, மச்சான். எங்கட ஆளை வெளிய எடுத்துட்டாங்க.”

நாங்கள் எல்லோரும் உதைபந்தாட்டத்தில் வளர்ந்தவர்கள். எங்களுடைய ஆட்டத்தில் வெளியே எடுக்கப்பட்டவர் வெளியேதான். அவருக்கு அது அன்றைய தீர்ப்பு. சற்று நேரத்தில் இம்தியாஸ் திரும்பவும் உள்ளே போனபோது, வேறு ஆள் இல்லாமல் போட்டிருப்பார்கள் என்று எங்களுக்கு நாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டோம். அதற்குப் பிறகும் மூன்று தடவை அவன் வெளியே வந்தான். ஒவ்வொரு தடவையும் தாழ்வாரத்தில் விவாதம் முற்றியது. ஆட்டத் திறன் விழுந்துவிட்டது என்றார் ஒருவர். இடம் பிழை, முன்னுக்கு ஆட வேண்டியவனைக் கண்ட இடத்தில் அலைய விட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். சாப்பாடு சரியில்லை என்று மூன்றாமவர். அன்று ராத்தா திரைக்கு முதுகு காட்டி நின்று, பாடசாலை அனுமதிப் படிவங்களோடு வந்த தாய்மாரின் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதுறீங்க, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“கழகத்து இணையப் பக்கத்துல போட, ராத்தா.”

“முழுசாப் பாத்திட்டு எழுதுங்க.”

முழுவதும் பார்த்தேன் என்றே அப்போது நம்பினேன். ‘எங்கள் இம்தியாஸ் எங்கே போனார்?’ என்ற தலைப்பில், பட்டதாரிக்குரிய நிதானத்துடன் நான்கு பந்திகள் எழுதினேன். பந்தைச் சில தடவைகளே தொட்டார், நான்கு முறை வெளியேற்றப்பட்டார், தன் பழைய நிலையை இழந்துவிட்டார். கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே அது அதிகம் பகிரப்பட்டது. அவனுடைய அணி அன்று வென்றது என்பதை மட்டும் நான் ஒரே வரியில் கடந்துபோயிருந்தேன்.

எழுத்து, எழுதியவனின் கையை விட்ட பிறகு தன் வேலையைத் தானே செய்கிறது. அணியிலிருந்து எடுத்தார்கள் என்ற செய்தி இரண்டு வீதி தாண்டுவதற்குள் வேலையிலிருந்து எடுத்தார்கள் என்று ஆகியது. மூன்றாம் நாள் இம்தியாஸின் உம்மா கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும் வரை ஒதுங்கி நின்று, “ராத்தா, மகன நாட்டுக்கே திருப்பி அனுப்பப் போறாங்களாம், உண்மையா?” என்று கேட்டார். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று மாலையே அவனுடைய குரற்பதிவு எனக்கு வந்தது.

“நானா, நீங்க எழுதினத வாசிச்சன். பிழையா ஒண்டும் இல்ல, நான் பந்து எடுக்கல்லத்தான். ஆனா உம்மா ரெண்டு நாளா அழுறாங்க. வாற சனிக்கிழமை அதே டீமோடதான் ஃபைனலும். என்ன முன்னுக்குப் போடுங்க எண்டு கோச்சிட்ட கேட்டிரிக்கன். அவருக்கு விருப்பமில்ல, யோசிச்சு வெள்ளிக்கிழமைக்கிடையில சொல்லச் சொன்னார். ஊர் ஆக்கள் ஒருக்கா என்ன பந்தோட பாக்கட்டும்.”

ராத்தாவிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அந்த ஆட்டத்தப் போடுங்க,” என்றார்.

மறுநாள் காலை கடை திறந்ததும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினோம். பத்து நிமிடம் போகுமுன் அவர் திரையில் விரல் வைத்தார்.

“இவருக்குப் பக்கத்துல எப்பவும் ஒருத்தர் இரிக்கார். ஏழாம் நம்பர். ஆரு அவர்?”

“எதிரணி.”

“அது தெரியுது. இம்தியாஸ் வெளிய போகக்கொள்ள அவர் எங்க போறார்?”

பின்னோக்கி ஓட்டினேன். முதலில் ஏழாம் இலக்கக்காரர் வெளியே ஓடுகிறார். அவருக்குப் பின்னால் இம்தியாஸ். ஏழாமவர் உள்ளே வருகிறார். இம்தியாஸும் உள்ளே வருகிறான். நான்கு தடவையும் அப்படித்தான். அந்த ஆட்டத்தில் வெளியே வந்தவர் இளைப்பாறிவிட்டுத் திரும்பப் போகலாம் என்ற அடிப்படை விதியைக்கூட நான் தேடிப் பார்க்காமல் எழுதியிருந்தேன்.

“உங்கட கொப்பியில ஆளை மாத்துங்க, தம்பி,” என்றார் ராத்தா. “இவர் தொட்டத எண்ணாதீங்க. அவர் தொட்டத எண்ணுங்க.”

எதிரணியின் இணையப் பக்கத்தில் அவர்களுடைய முந்திய ஆட்டம் ஒன்று முழுமையாக இருந்தது. பழுதான போட்டோ கொப்பித் தாள்களின் பின்புறத்தில் நான் கோடு போட்டேன். அந்த ஆட்டத்தில் ஏழாம் இலக்கக்காரர் எல்லா இடத்திலும் இருந்தார். ஒரு தாள் நிறைந்து மறு தாளும் எடுக்க வேண்டியிருந்தது. இம்தியாஸ் பின்தொடர்ந்த நாளில் அதே மனிதருக்குத் தாளின் ஒரு மூலை போதுமாக இருந்தது.

அவர்களுடைய சிறந்த வீரரை ஆட விடாமல் செய்வதுதான் இம்தியாஸுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. தொலைபேசியில் அழைத்து, ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா தப்பிக்கச் சாட்டு சொல்ற மாதிரி இரிக்கும், நானா,” என்றான்.

என் பதிவை அழித்துவிடுவதாக ராத்தாவிடம் சொன்னேன். அது நேர்மையான செயல் என்றே எனக்குத் தோன்றியது.

“அழிச்சா உங்களுக்கு நிம்மதி,” என்றார் அவர். “வாசிச்சவனுக்கு என்ன தெரியும்? அது பிழை எண்டு தெரியுமா? எழுதின கையாலேயே எழுதுங்க. தாளையும் படம் புடிச்சுப் போடுங்க.”

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டாவது பதிவை வெளியிட்டேன். கோடு போட்ட தாள்களை அருகருகே வைத்துப் படமெடுத்தேன். ‘நான் பார்க்கத் தவறியவை’ என்று தலைப்பிட்டேன். முதலாவதைப் பகிர்ந்தவர்களில் பாதிப் பேர்கூட இரண்டாவதைப் பகிரவில்லை. அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் அவன் வாசித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: “ஏழாம் நம்பரோடதான் நிக்கிறன் எண்டு சொல்லிட்டன், நானா.”

சனிக்கிழமை இறுதிப் போட்டி. ராத்தா இம்தியாஸின் உம்மாவைத் தானே போய் அழைத்து வந்து, மேசைக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தினார்.

“எனக்கு இந்த விளையாட்டு விளங்காதே, ராத்தா.”

“விளங்கத் தேவையில்ல. பந்தப் பாக்காதீங்க. மகனப் பாருங்க.”

அந்தத் தாய்க்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எறும்புகள் போன்ற அந்தக் கூட்டத்தில் அவனை ஒரு கணமும் அவர் தவறவிடவில்லை. முதலாவது கால் பகுதி முடியும்போது தாழ்வாரம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

“மாமி, ஏழாம் நம்பர் எங்க?” என்றார் பாரூக் நானா.

“என்ட மகனுக்கு முன்னால. இந்தா, ஓடுறார். இவனும் ஓடுறான். ஐயோ, அந்தப் பிள்ளைய மூச்சு விட விடுறானில்லையே இவன்.”

“விடக் கூடாது, மாமி. அதான் வேலை.”

“பந்து குடுக்கப் பாத்தாங்க, இவன் நிண்டதால வேற பக்கம் குடுத்திட்டாங்க.”

பாரூக் நானா எழுந்து நின்று கைதட்டினார். பந்து அப்போது மைதானத்தின் மறு அந்தத்தில் இருந்தது. சற்று நேரத்தில் இம்தியாஸ் அன்றும் வெளியே வந்தான். ஆனால் இம்முறை முப்பது பேரும் ஒரே குரலில், “ஏழாம் நம்பர் முதல்ல போயிட்டார்,” என்றோம்.

அவனுடைய அணி ஒரு சிறிய வித்தியாசத்தில் வென்றது. கடைசிப் புள்ளிகளை எடுத்தவரைத் தோளில் தூக்கினார்கள். தாழ்வாரத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். ராத்தாவும் உம்மாவும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. திரையின் கீழ் ஓரத்தில், புல்லில் தனியே உட்கார்ந்திருந்த ஏழாம் இலக்கக்காரரை நோக்கி இம்தியாஸ் தண்ணீர்ப் போத்தலோடு நடந்துகொண்டிருந்தான்.

“தண்ணி குடுக்கிறான்,” என்றார் உம்மா.

சிறிது நேரத்தில் இம்தியாஸ் கடைக்கே அழைத்து ராத்தாவுக்கு நன்றி சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மூணாவது பகுதியில அவர ஒருக்கா விட்டுட்டீங்களே, ஏன்?” என்றார். புகழ்வது அவருக்குக் கடைசி வரை வரவில்லை.

அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான், கழகத்தின் சார்பில் அவரைக் கௌரவிக்க விரும்புவதாகச் சொன்னேன். ஞாபகச் சின்னம் ஒன்று, மைதானத்தில் ஒரு சிறு வைபவம். அவர் கடைச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“மைதானத்துக்கு மதில் கட்டினது நீங்கதானே, தம்பி?”

“ஓம், ராத்தா.” எனக்கு அதில் பெருமை இருந்தது. நிதி கேட்டுக் கடிதங்கள் எழுதியவன் நான். பழைய கிடுகு வேலியை அகற்றி, ஆறடி உயரத்துக்குச் சுற்றிவரக் கல்மதில் எழுப்பியது என் செயலாளர் காலத்துச் சாதனை.

“வடிவான மதில். மாடு வராது. ஆனா அந்த வரிசை வீடுகள்ள இரிக்கிற பொம்பிளைகள் வேலிக்குள்ளால பாத்துக்கொண்டிருந்த. இப்ப சத்தம் மட்டும்தான் கேக்குது.”

அவர் குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை. கணுக்காலைப் பற்றிச் சொன்ன அதே குரல். சமூகத்தின் நன்மையைப் பற்றிப் பல மேடைகளில் பேசியவன் நான். அந்த மதிலின் ஒவ்வொரு கல்லையும் எண்ணியிருந்தேன். அதற்கு அப்பால் நின்றவர்களை ஒரு தடவையும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாபகச் சின்னம் வேண்டாம் என்றார். கழகக் கூட்டத்தில் மதிலை உடைப்பது பற்றி நான் பிரேரணை கொண்டுவந்தபோது ஆட்சேபங்கள் இருந்தன. மூன்று கூட்டங்கள் எடுத்தன. பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் போய்ப் பேசினோம். பாரூக் நானா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “இம்தியாஸ்ட உம்மா இல்லாட்டி எங்களுக்கு ஃபைனல் விளங்கியிராது.” கடைசியில் அந்த வேலி ஓட்டை இருந்த மூலையில் பெண்களுக்கென ஒரு வாசல் வைத்து, உள்ளே நிழலுக்குத் தகரமும், கீழே உட்கார நான்கு வரிசை வாங்குகளும் போட்டோம். அந்த வேலை முடிவதற்கு முன்பே, போருக்குப் பின் காடு மண்டிக் கிடந்த கணவரின் பூர்வீகக் காணி துப்புரவாகி, ராத்தாவின் குடும்பம் மன்னாருக்குத் திரும்பிவிட்டது. கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார்.

அவர் அந்த வாங்குகளில் ஒரு தடவையும் அமர்ந்ததில்லை. ஆனால் இன்று எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது அறிமுகமில்லாதவர்கள் வந்தால் ஒரு விஷயத்தைக் கண்டு வியக்கிறார்கள். பந்து மறு அந்தத்தில் இருக்கும். எல்லாக் கண்களும் அங்கே இருக்கும். அப்போது, பின்வரிசையின் இடது மூலையில், யாரும் பார்க்காத ஒருவர் இரண்டடி முன்னே வந்து ஓர் ஓட்டப் பாதையை அடைப்பார். உடனே அந்த மூலையிலிருந்து பெண்களின் கைதட்டல் எழும், அவருடைய பெயரோடு.